இழுவையும் சுமையும்
(ஒரு கொல்லர் குடும்பம் கண்ட தொழிலகத்தின் வரலாறு)

உலக வாணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் கப்பலுக்கும் புகைவண்டிக்கும் அளிக்கும் இடத்தைச் சாலையில் சரக்கிழுக்கும் வண்டிக்கு அளிப்பதில்லை. ஆயினும் துறைமுகத்தில் இறங்கும் பண்டம் கடைத்தெருவை அடைவதற்கும், ஆலையில் பிறக்கும் எந்திரம் அணைக்கட்டை அடைவதற்கும் இன்று துணைநிற்பது, லாரிக்குப் பின்னே பூட்டப்படும் டிரெய்லரே ஆகும். இந்த எளிய வண்டி பெரிய ஆய்வுக்கூடத்தில் தோன்றியதன்று. குதிரைக்கு இலாடம் அடித்துக்கொண்டிருந்த ஒரு கொல்லரின் பட்டறையில் அதன் முதல் வடிவங்களுள் ஒன்று உருவாயிற்று. அவர் பெயர் ஆகஸ்ட் சார்லஸ் ஃபுரூஹாஃப். அவருடைய குடும்பம் தோற்றுவித்த நிறுவனம் டிரெய்லர்த் தொழிலில் உலகின் முன்னணிக்கு வந்தது. பின்னர்க் கடனில் ஆழ்ந்து மறைந்தது. தொழில் அறிவு ஒரு குடும்பத்தை எவ்வளவு உயர்த்த வல்லது என்பதையும், அவ்வறிவை மறந்தால் நேர்வது யாது என்பதையும் இவ்வரலாறு ஒருங்கே காட்டுகின்றது.

கொல்லுலையும் மாறிவந்த நகரமும்

ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் 1868-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், செருமானிய வழிவந்த குடும்பத்திற் பிறந்தவர். கொல்லுத்தொழிலையும் வண்டி கட்டும் தொழிலையும் கற்று, டிட்ராய்ட் நகரில் பட்டறை நடத்தினார். இலாடம் அடித்தல், சக்கரத்திற்கு இரும்புப் பட்டை இறுக்குதல், அச்சு வார்த்தல், முறிந்த ஏர்க்காலை மாற்றுதல் ஆகியவை அவருடைய நாள்தோறும் நிகழும் பணிகள்.

அந்நகரமோ அப்போது பெரும் மாற்றத்தின் வாயிலில் நின்றது. நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டு 1913-ஆம் ஆண்டில் நகரும் தொடர் முறையிற் கார்களை இணைக்கத் தொடங்கினார். 1914 சனவரியில் தம் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என அறிவித்தார். மோட்டார் வண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருள் என்ற நிலை மாறி, நடுத்தர மக்களின் கைக்கு வரத் தொடங்கிற்று. குதிரையை நம்பி வாழ்ந்த கொல்லருக்கும் தச்சருக்கும் சேணம் தைப்போருக்கும் அது நல்ல செய்தியன்று. பலர் தொழிலைக் கைவிட்டனர். சிலர் மோட்டார் ஆலைகளிற் கூலியாட்களாகச் சேர்ந்தனர். தாம் கற்ற கலையைக் கைவிடாமலே புதிய காலத்திற்குள் நுழைய வழி கண்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஃபுரூஹாஃப்.

ஒரு படகு தந்த வாய்ப்பு

1914-ஆம் ஆண்டில் பிரெடரிக் சிப்லி என்னும் மரவணிகர் ஃபுரூஹாஃபின் பட்டறைக்கு ஒரு தேவையோடு வந்தார். அவரிடம் ஒரு படகு இருந்தது. அதனை மிச்சிகனின் வடபகுதியிலுள்ள ஏரிக்கு, தம்முடைய ஃபோர்டு டி-வகைக் காரைக் கொண்டே இழுத்துச் செல்ல விரும்பினார். படகைச் சுமக்க அச்சிறு காரால் இயலாது. இழுக்க இயலுமா என்பதே வினா.

ஃபுரூஹாஃபும் அவருடன் பணியாற்றிய ஆட்டோ நியூமன் என்பவரும் இரு சக்கரங்கள் கொண்ட உறுதியான வண்டி ஒன்றைச் செய்தனர். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் போல, அதன் முன்புறம் நீண்டதொரு தண்டு காரின் பின்புறச் சட்டத்தோடு இணைக்கப்பட்டது. படகு ஏரி சென்று சேர்ந்தது.

ஒரு வேடிக்கைக்காகச் செய்யப்பட்ட அவ்வண்டி அத்துடன் நின்றிருந்தால் வரலாறு அதனை மறந்திருக்கும். ஆனால் சிப்லி வணிகர். படகை இழுக்கும் வண்டி பலகையையும் இழுக்குமன்றோ என்று அவர் எண்ணினார். தம் மரக்கிடங்குக்கு அதே முறையில் ஒரு வண்டி செய்து தருமாறு கேட்டார். அது நன்கு பயன்படவே, மேலும் சிலவற்றிற்குக் கட்டளையிட்டார். அவ்வண்டிக்கு முன்புறச் சக்கரங்கள் இல்லை. அதன் முன்பாரம் இழுக்கும் வண்டியின் மீது அமர்ந்தது. முழு வண்டியாக இல்லாமையால் அது அரை டிரெய்லர் எனப் பெயர் பெற்றது. ஃபுரூஹாஃபின் பட்டறையில் இலாடத்தின் ஓசை குறைந்து, டிரெய்லர்ச் சட்டங்களை அடிக்கும் ஓசை மிகுந்தது.

சுமத்தல் வேறு, இழுத்தல் வேறு

இப்புதுமையின் உட்பொருள், கொல்லர் தம் அன்றாடப் பட்டறிவிலிருந்து பெற்றதொன்று. குதிரை தன் முதுகிற் சுமக்கும் பாரம் சிறிது. வண்டியிற் பூட்டினால் அது இழுக்கும் பாரமோ பன்மடங்கு பெரிது. மோட்டார் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதையே ஃபுரூஹாஃப் நிறுவனம் பிற்காலத்தில் தன் விளம்பரங்களிற் பலகாலும் எடுத்துரைத்தது.

லாரி ஒன்று பாரத்தைத் தன்மேல் ஏற்றும்போது, அப்பாரம் முழுவதும் அதன் அச்சுகளின் மீதும் வில்களின் மீதும் விழுகின்றது. சமதரையில் உருளும் பாரத்தை இழுப்பதற்கு வேண்டிய விசையோ, அப்பாரத்தின் எடையில் ஒரு சிறு பகுதியே ஆகும். ஆகவே எந்திரத்தின் ஆற்றலுக்கு முன்னரே வண்டியின் உடல் தளர்ந்துவிடுகின்றது. பாரத்திற்கெனத் தனிச் சக்கரமும் தனி அச்சும் அமைத்துப் பின்னே பூட்டினால், அதே எந்திரம் மிகுதியான சரக்கைக் கொண்டு செல்லும். சாலைக்கும் பாலத்திற்கும் இதனால் நன்மையுண்டு. பாரம் பல அச்சுகளிற் பகிர்ந்து நிற்பதால் ஓரிடத்தில் விழும் அழுத்தம் குறைகின்றது.

மற்றொரு நன்மை வணிகரைப் பெரிதும் கவர்ந்தது. லாரியில் ஏற்றிய சரக்கை இறக்கும்வரை எந்திரமும் ஓட்டுநரும் காத்திருக்க வேண்டும். டிரெய்லரையோ கழற்றி விட்டுவிடலாம். ஒரு டிரெய்லரிற் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும், மற்றொன்றிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும், மூன்றாவது சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். இம்மூன்றுக்கும் இழுக்கும் வண்டி ஒன்றே போதும்.

இவ்வாறு பூட்டவும் கழற்றவும் உரிய இணைப்பு எளிதாக இருத்தல் வேண்டும். குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்கென வட்டமானதொரு தட்டு இருந்தது. அதனை வண்டி கட்டுவோர் ஐந்தாம் சக்கரம் என்றனர். மோட்டார் வண்டியின் பின்புறம் பொருத்தப்பட்டு, டிரெய்லரின் நடு ஆணியைப் பற்றிக்கொள்ளும் தட்டுக்கும் அதே பெயர் நிலைத்தது. மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு இதனைச் செம்மைப்படுத்தியவர்களுள் சார்லஸ் மார்ட்டின் என்பவர் குறிப்பிடத்தக்கவர். குதிரை மறைந்த பின்னும் குதிரை வண்டிக்காரரின் சொல் இன்றும் நெடுஞ்சாலைகளில் வழங்கி வருகின்றது.

பட்டறை நிறுவனமாதல்

முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் புகைவண்டித் தடங்களில் சரக்குகள் தேங்கின. 1917 திசம்பரில் அரசே புகைவண்டி நிருவாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கடி முற்றியது. புகைவண்டிக்குக் காத்திராமற் சரக்கை அனுப்ப விரும்பியோர் லாரியை நாடினர். லாரியை நாடியோர் டிரெய்லரையும் நாடினர். 1918-ஆம் ஆண்டில் ஃபுரூஹாஃப் டிரெய்லர் நிறுவனம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

அடுத்துவந்த ஆண்டுகளில் நிறுவனம் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டது. ஒரே வகை வண்டியைச் செய்து எல்லாருக்கும் விற்காமல், ஏற்ற வேண்டிய பண்டத்தை முதலிற் கேட்டறிந்து அதற்கேற்ற உடலை அமைத்தது. எண்ணெய்க்குத் தொட்டி வடிவம்; கெட்டுப்போகும் உணவுப் பண்டங்களுக்கு வெப்பம் புகாத பெட்டி; பெரிய எந்திரங்களுக்குத் தரையை ஒட்டிய தாழ்தளம் என அதன் வகைகள் பெருகின. வாடிக்கையாளர் கொண்டுவரும் தேவையைச் செவிமடுத்து வேலையைத் தொடங்கும் கொல்லுப்பட்டறையின் இயல்பே ஆலையிலும் தொடர்ந்தது எனலாம்.

1929-ஆம் ஆண்டில் மகன் ஹார்வி தலைமைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டில் ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் காலமானார். அதே வேளையில் பெரும் பொருளாதார மந்தம் நாட்டைப் பற்றியது. எனினும், குறைந்த செலவிற் சரக்கனுப்ப வேண்டிய கட்டாயம் வணிகரை டிரெய்லரை நோக்கியே செலுத்தியது. தந்தை இட்ட அடித்தளம் பிள்ளைகளைத் தாங்கியது.

போர்க்களத்துப் பெருஞ்சுமை

இந்நிறுவனம் இழுத்த சுமைகளுள் மிகக் கடியது இரண்டாம் உலகப் போரின்போது வாய்த்தது. டாங்கிகள் நெடுந்தொலைவு தாமாகவே சாலையில் ஓடினால் அவற்றின் இரும்புத் தொடர்கள் தேய்ந்து போகும், சாலையும் பாழாகும். போர்க்களத்தில் அடிபட்டு நிற்கும் டாங்கிகளைப் பகைவர் கையிற் சிக்காமல் மீட்டு, பழுது பார்க்கும் இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டிய தேவையும் இருந்தது. அக்காலத்து ஷெர்மன் டாங்கியின் எடையோ முப்பது டன்னுக்கும் மேற்பட்டது.

அமெரிக்கப் படைக்கென இப்பணிக்கு எம்-25 எனப்பட்ட இணை வண்டி உருவாக்கப்பட்டது. அதன் முன்பகுதி, பசிபிக் கார் அண்ட் ஃபவுண்டரி நிறுவனம் செய்த எம்-26 என்னும் இழுக்கும் வண்டி. ஆறு சக்கர இடங்களும் எந்திரத்தால் இயங்கும் அதில் 240 குதிரைத்திறன் கொண்ட எந்திரம் இருந்தது; ஓட்டுநர் அறைக்கு இரும்புக் கவசமும் இருந்தது. பின்பகுதி, ஃபுரூஹாஃப் நிறுவனம் செய்த எம்-15 என்னும் டிரெய்லர். அது 40 டன் பாரம் தாங்கவல்லது. டாங்கியைச் சாய்தளத்தின் வழியே பின்புறமாக ஏற்றுவர். டாங்கி இயங்காத நிலையிலிருந்தால், முன்வண்டியின் வின்ச் எந்திரங்கள் கம்பிவடத்தால் அதனை இழுத்து மேலே ஏற்றும்.

இத்தகைய தாழ்தள டிரெய்லரின் அமைப்பு எளியதன்று. தளம் உயர்ந்திருந்தால் பாரத்தின் எடைமையமும் உயர்ந்து, வளைவில் வண்டி கவிழும். பாலங்களுக்கும் கம்பிகளுக்கும் அடியே நுழையவும் இயலாது. தளத்தை மிகவும் தாழ்த்தினால் மேடுகளில் அடிப்பாகம் உராயும். சட்டத்தை மெலிதாக்கினால் பாரத்தில் வளைந்து போகும்; மிகத் தடிப்பாக்கினால் வண்டியின் எடையே சரக்கிற்குரிய அளவைத் தின்றுவிடும். சக்கரங்கள் பள்ளத்திலும் மேட்டிலும் ஏறி இறங்கும்போது பாரம் ஒரு சக்கரத்தின் மீதே சாய்ந்துவிடாமல், எல்லாச் சக்கரங்களும் அதனைப் பகிர்ந்துகொள்ளுமாறு அச்சுகள் அசைந்துகொடுக்க வேண்டும். படகொன்றை இழுக்க இரு சக்கர வண்டி செய்த பட்டறை, முப்பதாண்டுக்குள் இவ்வளவு நுட்பத்தைக் கைவரப் பெற்றிருந்தது.

உடன்பிறந்தார் பிளவு

வெளியே வலிமை பெருகிய காலத்திலேயே குடும்பத்தினுள் விரிசல் தோன்றியது. 1949-ஆம் ஆண்டில் நிறுவனத் தலைவர் பொறுப்பு இளைய மகனான ராய் ஃபுரூஹாஃபிடம் வந்தது. நிறுவனத்தை நடத்தும் முறையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒற்றுமை இல்லை. 1953-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோலோவிச் என்பவர் பங்குதாரரின் வாக்குகளைத் திரட்டி நிறுவனத்தைக் கைப்பற்ற முனைந்தபோது, உடன்பிறந்தார் இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

ராய்க்குத் துணை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. லாரி ஓட்டுநர்களின் பெருந்தொழிற்சங்கமாகிய டீம்ஸ்டர்ஸ் சங்கமே அது. பூட்டிய குதிரைகளை ஓட்டுபவர் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். சங்கத் தலைவர் டேவ் பெக் வாயிலாகக் கிடைத்த 1.5 மில்லியன் டாலர் கடனைக் கொண்டு ராய் தரப்பினர் பங்குகளைத் திரட்டினர். நிறுவனம் ராயின் கையில் நின்றது.

ஆனால் கடன் பெற்ற கை கடன் கொடுக்கவும் நேர்ந்தது. 1954-ஆம் ஆண்டில் டேவ் பெக்கிற்கு 200,000 டாலர் கடன் அளிக்கப்பட்டது. தொழிலாளர் சங்கத் தலைவருக்கு முதலாளிகள் பணம் அளிப்பதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் ராய், பெக் முதலியோர் மீது 1959-இல் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு 1961-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் ராய் விடுவிக்கப்பட்டார். ஆயினும் 1960-களின் தொடக்கத்தோடு, நிறுவனத்தின் மீது அக்குடும்பம் கொண்டிருந்த நேரடித் தலைமை முடிவுற்றது. வாயிற்பலகையில் அவர்கள் பெயர் இருந்தது. உள்ளே முடிவெடுக்கும் இருக்கையில் அவர்கள் இல்லை.

கொள்கலன் காலம்

குடும்பம் விலகிய பின்னும் தொழில் அறிவு உடனே விலகிவிடவில்லை. கப்பல் வாணிகத்தைப் புரட்டிப் போட்ட கொள்கலன் முறைக்கும் இந்நிறுவனத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மால்கம் மெக்லீன் என்பவரின் ஐடியல்-எக்ஸ் கப்பல் 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் 58 கொள்கலன்களுடன் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அம்முயற்சிக்குப் பின்னணியில் இருந்த பொறியாளர் கீத் டாண்ட்லிங்கர், டிரெய்லர்த் தொழிலில் பழகியவர். கொள்கலன்களை ஒன்றோடொன்றும் வண்டியோடும் பிணைக்கும் திருகுப்பூட்டை வகுத்தவர் அவரே. பின்னர் அவர் ஃபுரூஹாஃப் நிறுவனத்திற் பணியாற்றினார். கொள்கலனின் மூலைப் பொருத்துகள் உலகெங்கும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும் என்பதற்காகத் தம் காப்புரிமையை விட்டுக்கொடுக்குமாறு மெக்லீனை இணங்கச் செய்ததில் டாண்ட்லிங்கருக்குப் பெரும்பங்கு உண்டு. 1963-இல் மெக்லீன் அவ்வாறே விட்டுக்கொடுத்தார்.

1968-ஆம் ஆண்டில் ஃபுரூஹாஃப் நிறுவனம் பாசெக்கோ நிறுவனத்தை வாங்கியது. கொள்கலன்களை ஏற்றி இறக்குவதற்கென்றே அமைந்த துறைமுகப் பாரந்தூக்கியை 1959-இல் முதன்முதலாகச் செய்தளித்தது பாசெக்கோதான். 1972 சூன் 23-ஆம் நாள் எம்.வி. நிகோன் கப்பல் 300 கொள்கலன்களுடன் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் முனையத்தை அடைந்தபோது, இவ்வட்டாரமும் அப்புதிய முறைக்குள் நுழைந்தது. கரையில் இறங்கும் ஒவ்வொரு கொள்கலனுக்கும் கீழே ஒரு டிரெய்லர் காத்திருக்கின்றது. தனி வண்டியில் பாரத்தை வைத்து, வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது கழற்றிவிடும் 1914-ஆம் ஆண்டின் எண்ணமே அங்கும் செயற்படுகின்றது.

தாங்க இயலாத பாரம்

நிறுவனம் 1973-ஆம் ஆண்டில் சக்கரமும் பிரேக்கும் செய்யும் கெல்சி-ஹேய்ஸ் நிறுவனத்தையும் வாங்கி மேலும் பெருகியது. அப்பெருக்கமே வெளியாரின் கண்ணை ஈர்த்தது. 1986-ஆம் ஆண்டில் ஆஷர் எடெல்மன் என்னும் முதலீட்டாளர் பங்குகளை வாங்கிக் குவித்து நிறுவனத்தைக் கைப்பற்ற முற்பட்டார். அவரைத் தடுக்க நிருவாகத்தினர் கண்ட வழி, ஒரு நிதி நிறுவனத்தின் துணையோடு தாமே நிறுவனத்தை வாங்கிக்கொள்வது. அதன் மதிப்பு ஏறத்தாழ 1.1 பில்லியன் டாலர். வாக்குகளால் நிகழ்ந்த 1953-ஆம் ஆண்டுப் போர், இம்முறை கடனால் நிகழ்ந்தது.

இவ்வகை வாங்குதலின் இயல்பை அறிதல் வேண்டும். வாங்குவோர் தம் கைப்பணத்தைச் சிறிதளவே இடுவர். எஞ்சியதைக் கடனாகப் பெறுவர். அக்கடனை அடைக்க வேண்டியவரோ வாங்கியவர் அல்லர்; வாங்கப்பட்ட நிறுவனமே அடைக்க வேண்டும். ஆலை ஈட்டும் ஊதியம் புதிய கருவிக்கோ புதிய வகை வண்டிக்கோ தொழிலாளர் நலத்திற்கோ செல்லாமல் வட்டிக்குச் செல்லும். நிருவாகம் வென்றது, நிறுவனம் தளர்ந்தது.

கடனைச் சமாளிக்க நிறுவனம் பிரிக்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டில் டிரெய்லர்ப் பகுதி டெரெக்ஸ் நிறுவனத்திடம் விற்கப்பட்டது. மோட்டார் உறுப்புகள் செய்யும் பகுதி வேரிட்டி நிறுவனத்திடம் சென்றது. ஃபுரூஹாஃப் டிரெய்லர் 1991-இல் மீண்டும் தனி நிறுவனமாகப் பங்குச் சந்தைக்கு வந்தும் தலைநிமிர இயலவில்லை. 1996 அக்டோபரில் அது திவால் நிலையை அறிவித்தது. 1997-ஆம் ஆண்டில் அதன் பெரும்பகுதியை வாபாஷ் நேஷனல் நிறுவனம் வாங்கியது. வாபாஷ் தொடங்கப்பட்டது 1985-இல். எண்பது ஆண்டு கண்ட தொழிலகத்தைப் பன்னிரண்டு ஆண்டு நிறுவனம் வாங்கியது. மெக்சிகோ நாட்டில் மட்டும் ஃபுரூஹாஃப் என்னும் பெயரோடு டிரெய்லர்கள் தொடர்ந்து உருவாயின.

வலியறிந்து ஏற்றுதல்

மயிற்பீலியைப் போன்ற மெல்லிய பொருளேயாயினும், அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துகிறார். வண்டியின் இயல்பைக் கொல்லரும் அறிவர், புலவரும் அறிந்திருந்தனர். ஃபுரூஹாஃப் நிறுவனத்தின் வீழ்ச்சிக்குச் சந்தைப் போட்டியும் காலமாற்றமும் காரணங்களாயின எனினும், அவற்றைத் தாங்கும் வலிமையை முன்னரே கவர்ந்துகொண்டது கடன் என்னும் பாரமே.

ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் கண்ட உண்மை, பாரத்தை முதுகில் ஏற்றாமல், அதற்குரிய சக்கரத்தையும் அச்சையும் அமைத்து இழுக்க வேண்டும் என்பது. அவ்வுண்மையைக் கொண்டு நாற்பது டன் டாங்கியையும் கடல்கடந்து வந்த கொள்கலனையும் அவர் பெயர் தாங்கிய வண்டிகள் இழுத்தன. பின்வந்தோர் அதற்கு மாறாக, தாம் பெற்ற கடனை நிறுவனத்தின் முதுகிலேயே ஏற்றினர். பொறியியலிற் கைவிடாத விதியைப் பொருளியலிற் கைவிட்டனர்.

ஆயினும் அக்கொல்லரின் உழைப்பு வீண்போயிற்று என்று கூறுவதற்கில்லை. நிறுவனம் மறைந்தது, முறை நிலைத்தது. இரவு பகலாக நெடுஞ்சாலைகளிற் செல்லும் ஒவ்வொரு நீண்ட வண்டியின் நடுவிலும், அதன் இரு பகுதிகளையும் இணைக்கும் அந்த ஐந்தாம் சக்கரம் இன்றும் திரும்பிக்கொண்டிருக்கின்றது. தொழில் கற்கும் இளைஞர் அதனைக் காணுங்கால், கைத்தொழிலின் சிறுபட்டறையும் உலகை மாற்றும் ஆற்றலுடையது என்பதையும், எவ்வளவு உயர்ந்த அமைப்பும் தன் வலியறிந்து ஏற்றினாலன்றி நில்லாது என்பதையும் ஒருசேர நினைவு கொள்வாராக.